சுற்றுச்சூழல் பொறியாளரின் முதல் வேலை: சுத்திகரிப்பு நிலையமா, கன்சல்டன்சியா?

"எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் முடித்திருக்கிறேன். திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கான பொது சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் ஷிப்ட் இன்ஜினியர் வேலையும், சென்னையில் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கித் தரும் கன்சல்டன்சியில் ஒரு வேலையும் கிடைத்திருக்கின்றன. சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். நைட் ஷிப்ட், நாற்றம், பெண்பிள்ளை என்று வீட்டில் பயந்து கன்சல்டன்சிக்குப் போகச் சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்? முதல் இரண்டு மூன்று வருடங்களில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?" உங்கள் கேள்வி இதுதான்.

நிலையத்துக்குப் போங்கள். காரணத்தையும், அங்கே போய் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் விரிவாகச் சொல்கிறேன். நான் சாயக்கழிவிலும் தோல் கழிவிலும் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் உதாரணங்களெல்லாம் அந்தப் பக்கமிருந்தே வரும்.

கல்லூரியில் நாம் படிப்பது பெரும்பாலும் எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு. உள்ளே வந்த பிஓடி (கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) இவ்வளவு, வெளியே போனது இவ்வளவு, ஆகவே திறன் 90 சதவீதம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இன்னொரு கேள்வியையும் கூடவே கேட்டுப் பழகுங்கள்: குறைந்தது எங்கே போனது? பிஓடி என்றால் ஒரு பகுதி கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கிறது, ஒரு பகுதி பாக்டீரியாவின் உடலாகிச் சேறாகச் சேர்கிறது. நிறம் என்றால் சுண்ணாம்போடும் பெரஸ் சல்பேட்டோடும் சேர்ந்து அடியில் படிகிறது. உப்பு மட்டும் எங்கேயும் போவதில்லை. நீங்கள் சேரப்போகும் ஊரின் கதையே இந்தக் கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்காததால் வந்ததுதான்.

1990களில் பனியன் ஏற்றுமதி வளர்ந்தபோது திருப்பூரில் தனித்தனிப் பட்டறைகளின் சுத்திகரிப்பு நிலையங்களும் பல பட்டறைகளுக்கும் சேர்த்துப் பொது நிலையங்களும் கட்டினார்கள். அவை ரசாயனம் போட்டு நிறத்தை இறக்கின, காற்றூதி பிஓடியைக் குறைத்தன. உப்பு அப்படியே நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் கெட்டன, நிலம் உப்பேறியது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் (பாசன விவசாயிகள்) வழக்குப் போட்டார்கள். 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு மாறச் சொன்னது. அது முழுமையாக நடக்காததால் 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொது நிலையங்களையும் மூடச் சொன்னது. ஊரே நின்றது. இன்று நீங்கள் பார்க்கப்போகும், சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ வரிசைகளும் மிச்சத்தை ஆவியாக்கும் இவாப்பரேட்டர்களும் அந்தத் தீர்ப்புகளின் பயன்.

உப்பு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் பருத்திப் பின்னல் துணிக்கு அடர்நிறம் ஏற்றுகிறார்கள். கிலோவுக்கு 6 லிட்டர் என்று வைத்தால் சாயக்குளியல் 6,000 லிட்டர். ரியாக்டிவ் சாயம் தண்ணீரை விட்டு நூலுக்கு நகர உப்பு (சோடியம் சல்பேட் அல்லது சோடியம் குளோரைடு) வேண்டும். லிட்டருக்கு 60 கிராம் என்று கொள்வோம். ஆக 360 கிலோ. இந்த உப்பு துணியில் தங்காது. சாயத்தை நூலில் ஏற்றிவிட்டு, அநேகமாக முழுவதும் கழிவிலேயே வந்துவிடும். ப்ளீச்சிங், சோப்பிங், அலசல் எல்லாம் சேர்த்து அந்த ஒரு டன்னுக்கு 60,000 லிட்டர் கழிவுநீர் வந்தால், சாய உப்பால் மட்டுமே டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த திடப்பொருள்) லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் ஆகிறது. நீர்நிலையில் விட வைத்திருக்கும் வரம்பு 2,100. பாக்டீரியா இதைத் தொடாது. சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போடப் போட இது கூடத்தான் செய்யும்.

இதே தண்ணீரை ஆர்ஓவுக்கு அனுப்புங்கள். 90 சதவீதம் நல்ல தண்ணீராகத் திரும்பினால் 54,000 லிட்டர் பட்டறைக்குப் போய்விடும். மிச்சமுள்ள 6,000 லிட்டர் ரிஜெக்ட்டில் அந்த 360 கிலோ உப்பும் நிற்கும். லிட்டருக்கு 60 கிராம்: சாயக்குளியலில் முதலில் போட்ட அதே அடர்த்தி! நிஜத்தில் இவ்வளவு சுத்தமாக வராதுதான். சவ்வு வழியே கொஞ்சம் உப்பு கசியும், ரிஜெக்ட்டில் நிறமும் கடினத்தன்மையும் சிலிக்காவும் சேர்ந்திருக்கும். ஆனாலும் ரிஜெக்ட்டைச் சுத்தம் செய்து உப்புக்கரைசலாகவே பட்டறைக்குத் திருப்பலாம் என்ற யோசனைக்கு ஆதாரம் இந்தச் சின்னக் கணக்குதான். திருப்பூரில் அதை நடைமுறையிலும் செய்து காட்டியிருக்கிறார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த கணக்கு இது. ஒரு காகிதத்தின் பாதிப் பக்கம்கூட வேண்டாம், ஒரு ஊரின் பிரச்சினை முழுவதும் அதில் தெரிந்துவிடும்.

திருப்பி அனுப்ப முடியாத ரிஜெக்ட் இவாப்பரேட்டருக்குப் போகிறது. அங்கேயும் கேள்வியை விடாதீர்கள். ஆவியாக்க நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு விறகு. ஆற்றில் போகாமல் தடுத்த உப்புக்காகப் புகையும் சாம்பலும் கிளம்புகின்றன. சோடியம் சல்பேட்டைக் குளிர்வித்தால் படிகமாகப் பிரிந்து வரும், மறுபடி சாயத்துக்குப் பயன்படும். சோடியம் குளோரைடு அப்படி வராது. குளிரில் அதன் கரைதிறன் பெரிதாகக் குறைவதில்லை. இரண்டும் கலந்து கடைசியில் மிஞ்சுவது கலப்பு உப்பு. அதற்கு நல்ல விலையோ உபயோகமோ இல்லாததால் மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்குகிறார்கள். கூரை ஒழுகி மழை பட்டால் மறுபடி அது கழிவுநீர். ஜீரோ டிஸ்சார்ஜ் என்ற பெயரைக் கேட்டு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். ஆற்றுக்குப் போன உப்பைத் தடுத்தது பெரிய காரியம்; மூட்டைகளுக்கு இன்னும் வழி வேண்டும்.

இதையெல்லாம் கன்சல்டன்சியில் உட்கார்ந்து படிக்க முடியாதா என்றால், முடியும். ஆனால் அங்கே உங்களுக்கு வருவது யாரோ எடுத்த மாதிரி, யாரோ அளந்த எண். நிலையத்தில் எண் உங்கள் கையில் பிறக்கிறது. அது எப்படித் தப்பாகப் போகும், எந்த நேரத்தில் நம்பக் கூடாது என்பதை முதலிலேயே கற்றவருக்கு, பிறகு எந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தாலும் அதில் இருக்கும் ஓட்டை தெரியும். பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அநேகமாக நடப்பதில்லை. ஐந்து வருடம் ஆபீசில் இருந்தவரை யாரும் ஷிப்டுக்கு எடுப்பதில்லை, அவருக்கும் வர மனமிருக்காது.

சேர்ந்த முதல் மாதம் ஆப்பரேட்டரோடு நடங்கள். கலெக்‌ஷன் டேங்கிலிருந்து கடைசி உப்பு மூட்டை வரை ஒவ்வொரு குழாயையும் கண்ணால் தொடர்ந்து போய், உங்கள் கையாலேயே ஒரு வரைபடம் போடுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் படமும் நிலையமும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. இடையில் சேர்த்த பம்ப், மூடிப்போட்ட வால்வு, யாருக்கும் நினைவில்லாத ஒரு லைன் என்று எங்காவது வேறுபடும். எந்த வால்வைத் திறந்தால் தண்ணீர் எந்தத் தொட்டிக்குப் போகும் என்று கேட்காமலே சொல்லத் தெரிகிற வரை டிசைன் பேசாதீர்கள்.

ஆப்பரேட்டர்களில் பலர் பத்தாவது, ஐடிஐ படித்தவர்கள். சிலருக்கு இருபது வருட அனுபவம் இருக்கும். "அண்ணா, ஏரியேஷன்ல இன்னைக்கு டிஓ ஏறவே மாட்டேங்குதே?" என்று கேட்டால், "ராத்திரி யாரோ ஹைட்ரோ தண்ணிய மொத்தமா விட்டிருக்காங்கம்மா, வாடையிலயே தெரியுது, மத்தியானம் சரியாயிரும் பாருங்க" என்று சொல்வார். ஹைட்ரோ என்று அவர் சொல்வது சோடியம் ஹைட்ரோசல்பைட், சாயம் சரியாக ஏறாத துணியில் நிறத்தை உரிக்கப் போடுவது. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை, அதாவது டிஓவை, அது தின்றுவிடும். அவர் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு போய் அளந்து பாருங்கள், அளந்ததை அவரிடம் திரும்பச் சொல்லுங்கள். படிப்பும் அனுபவமும் ஒன்றையொன்று மதித்துப் பேசுகிற நிலையங்கள்தான் நன்றாக ஓடுகின்றன. அண்ணா என்று கூப்பிடுவதால் இன்ஜினியரின் மரியாதை குறையாது.

லேபில் கொஞ்ச காலமாவது உங்கள் கையால் சோதனை செய்தே ஆக வேண்டும். கெமிஸ்ட் இருக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் பிஓடி 20 டிகிரியில் 5 நாள். இங்கே நம் தரநிலை 27 டிகிரியில் 3 நாள். எந்த பிஓடி என்று சொல்லாத எண்ணை இன்னொரு எண்ணோடு ஒப்பிடக் கூடாது. சிஓடி (பாக்டீரியாவுக்குப் பதில் ரசாயனத்தால் ஆக்சிஜனேற்றி அளப்பது) இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் என்பதால் தினசரி முடிவெல்லாம் அதை வைத்துத்தான் எடுப்பார்கள். ஆனால் குளோரைடு அதிகமுள்ள தண்ணீரில், சோதனைக்குப் போடும் டைக்ரோமேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றிவிடும், சிஓடி பொய்யாக ஏறும். அதைத் தடுக்கத்தான் மெர்குரிக் சல்பேட் போடுகிறோம். ஆர்ஓ ரிஜெக்ட் மாதிரி உப்பு அடர்ந்த தண்ணீரில் அதுவும் போதாமல் போகலாம். ரிஜெக்ட்டின் சிஓடி திடீரென்று ஏறிவிட்டது என்று யாராவது பதறினால், முதலில் குளோரைடு எவ்வளவு என்று கேளுங்கள். இன்னொன்று: அந்தப் பாதரசம் கலந்த சிஓடி கழிவை லேப் சிங்க்கில் ஊற்றினால் எங்கே போகும் என்பதையும் யோசியுங்கள். தனி கேனில் சேர்த்து அபாயகரக் கழிவாகத்தான் அனுப்ப வேண்டும்.

இதைவிட எளியது ஒரு லிட்டர் அளவு ஜாடி. காற்றூதும் ஏரியேஷன் டேங்க் தண்ணீரை அதில் நிரப்பி 30 நிமிடம் அசையாமல் வைத்துச் சேறு எந்தக் கோடு வரை இறங்குகிறது என்று பாருங்கள். 300 மில்லியில் நின்று, எம்எல்எஸ்எஸ் (அந்தத் தண்ணீரில் மிதக்கும் திடப்பொருள், லிட்டருக்கு மில்லிகிராமில்) 3,000 என்றால், சேறு எப்படிப் படிகிறது என்று காட்டும் எஸ்விஐ 100. நன்றாகப் படிகிற சேறு. 150, 200 என்று ஏற ஆரம்பித்தால் பெரும்பாலும் இழை பாக்டீரியா பெருகுகிறது, சில நாளில் கிளாரிஃபையரிலிருந்து (சேற்றைப் படியவிடும் தொட்டி) சேறு வழியப்போகிறது என்று பொருள். எண்ணோடு நின்றுவிடாதீர்கள். சேறு எந்த நிறம், மேலே நிற்கும் தண்ணீர் தெளிவா கலங்கலா, இன்னும் ஒரு மணி நேரம் விட்டால் சேறு மேலே மிதந்து வருகிறதா, எல்லாம் பாருங்கள். நான் எந்த நிலையத்துக்குப் போனாலும் ரிப்போர்ட் ஃபைலுக்கு முன்னால் இந்த ஜாடியைத்தான் கேட்பேன்.

மாதிரி எடுப்பதைச் சின்ன வேலை என்று உதவியாளரிடம் மட்டும் விடுபவர்கள் உண்டு. சாயக்கழிவு மணிக்கு மணி மாறும். காலை பத்து மணிக்கு ஒரு பாட்டில் எடுத்து அன்றைய தண்ணீர் இதுதான் என்று எழுதினால் அது ஒரு நிமிடத்தின் தண்ணீர். பல மணி நேரம் பகுதி பகுதியாக எடுத்துக் கலந்தால்தான் நாளின் தண்ணீர் கிடைக்கும். சிஓடிக்குக் கந்தக அமிலம், உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலம், எண்ணெய்க்குக் கண்ணாடி பாட்டில், எல்லாவற்றுக்கும் ஐஸ் பெட்டி. பாட்டிலில் எழுதும் நேரம், எடுக்கப்பட்ட நேரமாகவே இருக்கட்டும்.

சேற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீரைத் தெளிய வைப்பதில் எல்லாருக்கும் ஆர்வம் இருக்கும், சேறு யார் கண்ணிலும் படாது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளுக்கான பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் நள்ளிரவுக்குப் பிறகு உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு புகுந்து 10 பேர் இறந்தார்கள். போக வேண்டிய இடத்துக்குப் போகாத சேறு அது. உங்கள் நிலையத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ உலர்சேறு உருவாக வேண்டும் என்பதை, போடுகிற சுண்ணாம்பையும் பெரஸ் சல்பேட்டையும் நீக்கிய திடப்பொருளையும் வைத்து நீங்களே கணக்கிடுங்கள். சேற்றைப் பிழியும் ஃபில்டர் பிரஸ்ஸிலிருந்து வந்தது, லாரியில் போனது, கிடங்கில் இருப்பது மூன்றையும் அதோடு பொருத்துங்கள். பொருந்தாவிட்டால் ஒன்று கணக்கு தப்பு, இல்லையென்றால் சேறு எங்கோ சேர்ந்துகொண்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அனுப்பும்போது படிவம் 10 (அனுப்புகைச் சீட்டு) கூடவே போக வேண்டும், ஆண்டுக் கணக்கைப் படிவம் 4இல் ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். இப்போது சிமென்ட் ஆலைகளின் சூளைக்கும் சேறு போகிறது. அதற்கும் ஈரப்பதமும் குளோரைடும் கேட்பார்கள்.

சட்டத்தைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் எம்.இ.யில் அது கடைசி யூனிட். 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம், 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் மூன்றையும் மூலத்திலேயே ஒருமுறை வாசியுங்கள். நீர்ச் சட்டத்தில் 21ஆம் பிரிவு மாதிரி எடுக்கும் முறை, 25ஆம் பிரிவு கன்சென்ட் (மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி), 33ஏ பிரிவு மூடவும் மின்சாரத்தை நிறுத்தவும் வாரியத்துக்குள்ள அதிகாரம். 1996இல் பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் வாசியுங்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றிய தீர்ப்புகளில் ஒன்று நம் வேலூர்ப் பக்கத்து மக்கள் போட்ட வழக்கிலிருந்து வந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் நிலையத்தின் கன்சென்ட் ஆர்டரை நிபந்தனை நிபந்தனையாகப் படியுங்கள். எத்தனை நிலையங்களில் அது மேனேஜரின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது!

இனிக் கொஞ்சம் கஷ்டமான விஷயம். பொய் எழுதச் சொல்லும் நாள் வரும். எல்லா இடத்திலும் வரும் என்று சொல்லவில்லை, வராத நிலையங்களையும் எனக்குத் தெரியும். ஆனால் ஷிப்ட் முடியும்போது உட்கார்ந்து எட்டு மணி நேர ரீடிங்கையும் ஒரே பேனாவில் நிரப்புவது, ஆன்லைன் மீட்டரின் சென்சாரை நல்ல தண்ணீர் வாளியில் வைப்பது, ஃபெயிலான ரிப்போர்ட்டைக் கிழித்துவிட்டு வேறு மாதிரி அனுப்புவது எல்லாம் இந்தத் தொழிலில் நடப்பவை. புதிதாக வந்தவரிடம் "எல்லா இடத்துலயும் இப்படித்தாம்மா" என்பார்கள்.

நீங்கள் அளக்காத எண்ணுக்குக் கீழே உங்கள் கையெழுத்து வேண்டாம். இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டியதில்லை. "சார், நான் எடுத்த ரீடிங் இது. கிளாரிஃபையரைச் சரிபண்ண ரெண்டு நாள் வேணும், அதுவரைக்கும் வரத்தைக் குறைக்கலாமா?" என்று பிரச்சினையோடு வழியையும் சேர்த்துக் கொடுங்கள். பாதி நேரம் மேலே இருப்பவருக்கும் வழி தெரியாததால்தான் எண்ணை மாற்றச் சொல்கிறார். முக்கியமானதை வாய்ப்பேச்சோடு விடாமல் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி வையுங்கள். தெரிந்தே பொய்த் தகவல் தருவது நீர்ச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் தண்டனைக்குரியது. நிறுவனம் தப்பு செய்தால் அப்போது பொறுப்பிலிருந்தவரையும் கேட்கலாம் என்கிறது 47ஆம் பிரிவு. நிலைமை மாறவே இல்லை, கையெழுத்துக்கு வற்புறுத்தல் தொடர்கிறது என்றால் வேலையை விட்டு வெளியே வாருங்கள். வேறு வேலை கிடைக்கும். பொய் எண் எழுதிப் பழகியவருக்கு நிலையம் எப்படி ஓடுகிறது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. நிறையப் பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன், மனது வலிக்கிறது. ஆற்றின் கீழ்ப்பக்கம் தண்ணீர் குடிப்பவர்களும் அந்த எண்ணைத்தான் நம்பி இருக்கிறார்கள்.

கன்சல்டன்சியை நான் மட்டமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடக்கும் வேலை, நேர்மையாகச் செய்தால், ஒரு தவறான தொழிற்சாலையைத் தவறான இடத்தில் வராமல் தடுக்கக்கூடியது. சுற்றிலும் 10 கிலோமீட்டருக்குக் காற்று, கிணறு, மண், பயிர், மக்கள் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய வேலை. பழைய ரிப்போர்ட்டை வெட்டி ஒட்டி வேலையை முடிக்கும் இடமும் உண்டு, ஒவ்வொரு கிணற்றுக்கும் போய் நிற்கும் இடமும் உண்டு. பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கு முன்னால் அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் வைக்க வேண்டும். அந்தச் சுருக்கங்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். தமிழ் எழுத்தில் இருக்கும், ஒரு விவசாயிக்கும் புரியாது. நாளைக்கு நீங்கள் அந்தப் பக்கம் போனால், உங்கள் ஊர்க் கிணற்றுக்கு என்ன ஆகும் என்பதை உங்கள் அப்பத்தாவுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். அது மொழிபெயர்ப்பாளரிடம் தள்ளிவிடக் கூடிய வேலை இல்லை. நிலையத்தில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டுப் போனால், மதிப்பீட்டு அறிக்கையில் "முறையாகச் சுத்திகரிக்கப்படும்" என்ற வரியைப் பார்த்ததும் எப்படி, எந்தத் தொட்டியில், சேறு எங்கே என்று கேட்க வரும். அப்போது உங்கள் மதிப்பே வேறு.

அரசு வேலையை மறக்க வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், சென்னைக் குடிநீர் வாரியம் மூன்றும் உதவிப் பொறியாளர்களை எடுக்கின்றன. அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருந்து வருடங்களை வீணாக்காமல், வேலையில் இருந்துகொண்டே தேர்வு எழுதுங்கள். வீட்டுக் கழிவுநீரில் ஆர்வம் வந்தால் சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்களைப் போய்ப் பாருங்கள். அங்கே கழிவுநீரை ஆர்ஓ வரை சுத்திகரித்துத் தலா 45 எம்எல்டி (நாளுக்கு 4.5 கோடி லிட்டர்) திறனில் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு 2019இல் வந்தது.

வீட்டில் சொல்லும் பயத்துக்கு வருகிறேன். நாற்றம் ஒரு வாரத்தில் பழகிவிடும், ஆனால் அந்தப் பழக்கத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. சாயக்கழிவில் சோடியம் சல்பேட் இருக்கிறது என்றேனே, காற்றில்லாமல் தேங்கிய தொட்டியில் பாக்டீரியா அந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை வரும். அதிகமானால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது, சில நிமிடங்களில் உயிர் போகும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து சாவதை வருடாவருடம் செய்தியில் படிக்கிறோம். உங்கள் ஷிப்டில் காஸ் மீட்டர் வைத்துப் பார்க்காமல், காற்றூதாமல், கயிறும் பெல்ட்டும் மேலே ஆளும் இல்லாமல், எழுதிக்கொடுத்த அனுமதி இல்லாமல் யாரும் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்கக் கூடாது. "ரெண்டு நிமிஷ வேலைம்மா" என்று ஆப்பரேட்டர் அண்ணன் சொன்னாலும் விடாதீர்கள். இதில் மட்டும் யாரையும் மதிக்க வேண்டாம், கத்துங்கள்.

நைட் ஷிப்டைப் பொறுத்தவரை, பெண் இன்ஜினியர்கள் நிலையங்களை நடத்துவதைப் பார்த்துவிட்டேன், திறமையில் குறை ஒன்றுமில்லை. பயம் நியாயமானது என்பதால் ஏற்பாட்டைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டிலிருந்து வண்டி, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, தொட்டி மேல் நடைபாதை முழுவதும் விளக்கும் கைப்பிடியும், இரவில் யாரும் தனியாகத் தொட்டிப் பக்கம் போகாத வழக்கம். இவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். உங்களுக்குப் பிறகு வரும் பெண்ணுக்கும், அங்கே ஏற்கெனவே கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கும் அதே கழிப்பறைதான்.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு பகல் அந்த நிலையத்துக்குப் போங்கள். நேற்று எவ்வளவு தண்ணீர் வந்தது, எவ்வளவு பட்டறைக்குத் திரும்பியது, எத்தனை மூட்டை உப்பு, எத்தனை கிலோ சேறு என்று கேளுங்கள். லாக் புக்கைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். காஸ் மீட்டர் எங்கே, கடைசியாக எப்போது காலிபரேஷன் செய்தீர்கள் என்று கேளுங்கள். எடுத்துக் காட்டினார்கள் என்றால் சேர்ந்துவிடுங்கள். மழுப்பினால் அந்த நிலையத்தை விட்டுவிட்டு வேறு நிலையத்தில் விண்ணப்பம் போடுங்கள். பெருந்துறை, ஈரோடு, கரூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஆள் தேவைப்படும் ஊர்கள் நிறைய இருக்கின்றன.